பொக்கை தின்ற நாலு காலைத் தீனி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆடு வேண்டும் என்று கேட்டது நானில்லை.

என் வீட்டுக்காரர் பல் செட்டு செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முகம் பார்த்திராத மனிதர்களுக்குப் பல் வரிசை கட்டி அனுப்புவார். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள், கதவுக்குக் கைப்பிடி வாங்கி வருகிறேன் என்று சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது காரின் பின்சீட்டில் ஒரு வெள்ளை ஆடு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என்னை வேடிக்கை பார்த்தது. கைப்பிடி வரவில்லை.

"பாவம் இது. வாயைத் தெறந்து பாத்தேன், மேல முன்பல்லு ஒண்ணுகூட இல்ல," என்றார். "விக்கிறவன் அதைப் பத்திக் கவலைப்பட்ட மாதிரியே தெரியல."

ஒரு வாரம் அதற்கு எல்லாவற்றையும் மசித்து ஊட்டினார். பிறகு கால்நடை டாக்டரான தன் அக்காவுக்குப் போன் போட்டு, ஆட்டுக்குப் பல் செட்டு கட்டினால் வாயில் நிற்குமா என்று கேட்டார். உலகத்தில் எந்த ஆட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது என்று சொல்லி முடிப்பதற்குள் என் நாத்தனார் சிரித்த சிரிப்பில் போனை இரண்டு தடவை கீழே வைத்து எடுக்க வேண்டியிருந்ததாம். ஆட்டுக்குப் பொக்கை என்று பெயர் விழுந்தது. பொக்கைக்குத் துணை வேண்டும் என்று ஒரு கழுதை வந்தது. அதற்கு மேனேஜர் என்று நான்தான் பெயர் வைத்தேன், வேலை ஒன்றும் செய்யாமல் சத்தம் மட்டும் போடுவதால். அப்புறம் ஒன்பது கோழிகள். கோழி எதற்கு என்று கேட்டதற்கு, இடம் இருக்கிறதே என்றார். நல்ல வேளையாக இடம் அத்தோடு தீர்ந்தது.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். நான் மைக்கைத் தட்டினால் மூன்று நடைமேடைகள் வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் ஒரு கோழி மூடாது. குளிர்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி. அதை உடைக்க ஒரு சுத்தியல், உருக்க ஒரு கெட்டில் வெந்நீர், கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போகும்போது வழுக்கி விழ ஒரு நான். கோழிக்கூண்டின் தாழ்ப்பாள் விரலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கு விறகு, கொட்டகைக்கு வைக்கோல். இத்தனையும் முடித்துவிட்டு, வாசனையை மறைக்க அரை பாட்டில் சென்ட் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனால், பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பாள்.

அதனால் மழைக்காலக் கடைசியில் நாத்தனார் வந்திருந்தபோது எல்லார் முன்னாலும் கொட்டித் தீர்த்துவிட்டேன். "என்னால முடியாதுக்கா. ஒண்ணு அந்த ஆடு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

நாத்தனார் ரொம்பப் பேசுகிற ஆள் இல்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "எங்கிட்ட இருபது ஆடு இருக்கு. இதோட இருபத்தொண்ணு. கிறிஸ்துமஸுக்கு ட்ரெய்லரோட வரேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, ஏத்திக்கிட்டுப் போயிடறேன். முடிவு உன்னோடதுதான். என் தம்பி குறுக்க பேசக் கூடாது."

அவர் தம்பி குறுக்கே பேசவில்லை. நேராகவும் பேசவில்லை. நான்கு நாள் வீட்டில் உப்பு எங்கே என்பதைக்கூடச் சைகையில் கேட்டார்.

இப்போது என் மானம் போகிற விஷயத்தைச் சொல்கிறேன். முதல் உறைபனி விழுந்த காலையில், கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருகிற வழியில், கொட்டகைக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன். பொக்கை எழுந்து வந்து என் கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டு, அப்படியே நின்றது. தின்ன எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் நின்றது. அதன் மூச்சு பட்டு என் கை சூடானது. மறுநாள் பையில் ஒரு கேரட் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. என் நீலக் கம்பளிச் சால்வை அதன் படுக்கைக்குப் போனது. ஸ்டேஷனில் தொலைத்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சுருக்கமாகச் சொன்னால், அந்த ஆடு போவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பதினான்கு மாதம் தொண்டை கிழியக் கத்தியவள், இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு "இருக்கட்டும்" என்று சொல்வது? செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று இருந்தேன். எனக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்று காலை ஒவ்வொருவரும் வீட்டில் இன்னொருவருடைய வேலையை அவருக்குத் தெரியாமல் செய்துவிட வேண்டும். அதுதான் முதல் பரிசு. யார் எதைச் செய்தார்கள் என்று கேக் வெட்டும் வரை மூச்சு விடக் கூடாது. சட்டம் படிக்கிற என் மகள் இந்த விதியை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரிக் காப்பாற்றுவாள். போன வருடம் கொட்டகை வேலையை யாராவது செய்வார்கள் என்று அவரவர் மற்றவர்களை நம்ப, ஒருவரும் செய்யவில்லை. பொக்கை மதியம் வரை பட்டினி கிடந்து, வெறுப்பில் கொட்டகைக் கதவின் கயிற்றைத் தின்றுவிட்டது. அந்தக் கதையை என் வீட்டுக்காரர் ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி எங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்.

போதாக்குறைக்கு, தினமும் பொக்கைக்குத் தீனி வைக்கிற அவருக்கு இந்த வருடம் ஒரு வாரமாக முதுகு வலி வேறு.

கிறிஸ்துமஸ் அன்று விடிந்தும் விடியாமலும் எழுந்து கொட்டகைக்குப் போனேன். பொக்கை என்னைப் பார்த்துக் கத்தியது. மூன்று நாள் சோற்றையே கண்ணால் பார்க்காத மாதிரி ஒரு கத்தல். சரி, இந்த வருடமும் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். தினமும் நசுங்கிய அலுமினியப் பாத்திரத்தில் பாதிதான் அளவு, உடைத்த சோளமும் ஓட்ஸும். பண்டிகை நாளாயிற்றே என்று முழுப் பாத்திரம் வைத்தேன். இதுதான் நம் வீட்டில் அதற்குக் கடைசிக் காலைச் சாப்பாடோ என்று தோன்றியது. அதற்காகவே கேக்கின் ஓரத்தை வெட்டிக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தேன், அதையும் கொடுத்தேன். ஓரம் கருகிவிட்டது, வெட்டி எறிந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். "அங்க போய் யார் பையிலயும் மூக்கை விடாத," என்று அதற்குப் புத்தி சொன்னேன். அது பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பதினோரு மணிக்கு நாத்தனாரின் வண்டி வந்தது. பின்னால் ட்ரெய்லர், மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கத்த ஆரம்பித்தது. காலையிலிருந்தே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்ததுதான், இப்போது விடாமல் கத்தியது.

"கழுதைக்குத் தீனி வெச்சீங்களா?" என்று நாத்தனார் கேட்டார்.

கழுதை என் மகளின் பொறுப்பு. அவள் என்னைப் பார்த்தாள். நான் கொழுந்தனைப் பார்த்தேன். லிஃப்ட் மெக்கானிக்கான என் கொழுந்தன் முந்தின நாளே வந்து தங்கியிருந்தான், அவன் கூரையைப் பார்த்தான். கோழிகளுக்குத் தண்ணீர் வைப்பது என் வேலை. தொட்டி பாறையாக உறைந்து, அதன்மேல் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது. பண்டிகைக்கு வந்தால் விறகு கொழுந்தனின் வேலை, ஒரு குச்சி வந்து சேரவில்லை. தன் வேலையை இன்று வேறு யாரோ செய்துவிடுவார்கள் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்திருக்கிறோம். அப்படியானால் எல்லாரும் யாருடைய வேலையைத்தான் செய்தோம்? அது யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போனவர் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, கொஞ்சம் வந்து பாரேன். கேரட் குடுத்தேன். வேண்டாங்குது."

பொக்கை கேரட்டை வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. நான் கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன்.

பொக்கை கால்களை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. இடது பக்க வயிறு உரல் அளவுக்கு வீங்கியிருந்தது. நாத்தனார் விரலால் தட்டினார். டொம் டொம் என்று கேட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உப்புசம். தானியம் அளவுக்கு மேல உள்ள போயிருக்கு. இது மாட்டையே கொல்லும், ஆடு எம்மாத்திரம். என்ன தின்னுச்சு, எவ்வளவு, எப்ப? சரியாச் சொன்னாத்தான் மருந்தோட அளவு எனக்குத் தெரியும்."

"நான் எப்பவும் போல அரைப் பாத்திரம் வெச்சேன்," என்றார் வீட்டுக்காரர். "அஞ்சு மணிக்கு. போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாதுன்னு என் வேலையை நானே முடிச்சுட்டேன்."

எனக்குக் குப்பென்று வியர்த்தது.

"அரைப் பாத்திரத்துல இவ்வளவு வராது. வேற யாரு குடுத்தீங்க?"

என் மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "அத்தை, விதிப்படி கேக் வெட்டுற வரைக்கும் யாரும் சொல்லக் கூடாது."

"கேக்கை வெட்டிட்டுச் சொல்றியா, இல்ல இது வயித்தை நான் வெட்டின அப்புறம் சொல்றியா?"

வழக்கு ஐந்து நொடியில் தீர்ந்தது. "நான் ஒரு பாத்திரம் வெச்சேன். அஞ்சரைக்கு. அப்பாவுக்கு முதுகு வலின்னு."

"நானும் ஒண்ணு," என்றான் கொழுந்தன். "நீ போனதுக்கு அப்புறம். அண்ணனுக்கு முதுகு வலின்னுதான்."

"லிஃப்டுல எத்தனை பேர் ஏறலாம்னு எழுதி வெக்கறவன்தானே நீ," என்றார் நாத்தனார்.

"அது கத்திச்சு அக்கா. லிஃப்ட் கத்தாது."

நாத்தனார் மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு பொக்கையின் வாயருகே குனிந்து முகர்ந்தார். "சோளத்துல பட்டை வாசனை எப்படி வரும்?"

நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட்டால் மானம் போகும். சொல்லாவிட்டால் மருந்து அளவு தப்பி ஆடு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். வீம்பு பிடித்தவர்களுக்குத்தான் அந்த அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அதற்குள் என் மகள், ஆட்டைப் படுக்க வைப்பதற்காக வைக்கோலைக் கிளறினாள். உள்ளேயிருந்து நீலமாக ஏதோ வந்தது.

"அம்மா, இது நீ ஸ்டேஷன்ல தொலைச்ச சால்வைதானே?"

"நான்தான்," என்றேன். ஒரு தடவை வாய் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. "ஆறு மணிக்கு ஒரு முழுப் பாத்திரம். ஒரு துண்டு கேக்கு, கை அகலம் இருக்கும், திராட்சை, பட்டை எல்லாம் போட்டது. நேத்து ரெண்டு கேரட். முந்தாநாள் ஒரு கேரட்டு, ஒரு ஆப்பிள். அதுக்கு முன்னாடியும் தெனமும் ஏதாவது."

"எப்பலேர்ந்து?"

"மொதல் பனி விழுந்த அன்னிலேர்ந்து. போதுமா? மருந்தைக் குடுங்க அக்கா, அது நிக்க முடியாம நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சால்வையை வாங்கி உதறி மடித்தார். "தெனமும் வைக்கோலுக்கு அடியில தள்ளி வெக்கறது எனக்குப் பழகிடுச்சு," என்றார். "வெளியில தெரிஞ்சா நீ வெக்கப்பட்டு எடுத்துக்குவியோன்னு."

அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இத்தனை நாள் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறார். அவரை அப்போதே ஒரு கை பார்த்திருப்பேன், ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கை ஒழியவில்லை.

நாத்தனார் தன் பையிலிருந்து மருந்தை எடுத்தார். என் சமையல் சோடாவையும் வெந்நீரையும் வாங்கி ஒரு பாட்டிலில் கலக்கினார். "வாயைத் தெறந்து பிடிக்கணும். யார் பிடிக்கறீங்க?"

"நான்," என்றார் வீட்டுக்காரர், மாப்பிள்ளை அழைப்பில் கூப்பிட்ட மாதிரி முன்னால் வந்து. இருபது வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் உயிருள்ள வாய் அது. பக்கவாட்டில் விரலை நுழைத்தார், உடனே "ஆ" என்றார். "பின்பல்லு இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு." விரலில் ரத்தம் வந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மருந்து உள்ளே போன பிறகு, வயிற்றைத் தேய்த்துக்கொண்டே நடத்த வேண்டும், ஏப்பம் வரும் வரை நிறுத்தக் கூடாது என்றார் நாத்தனார். பண்டிகை உடுப்போடு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள். வலது பக்கம் முட்டுக் கொடுத்துக்கொண்டு கொழுந்தன், இடது பக்கம் வயிற்றைப் பிசைந்துகொண்டு நான். பின்னால் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர். கடைசியில் அவிழ்த்துவிடப்பட்ட மேனேஜர், தனக்கும் ஏதோ கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கையில். வீட்டைச் சுற்றினோம். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தார். மூன்றாவது சுற்றில் மனைவியைக் கூப்பிட்டார். ஐந்தாவது சுற்றில் அவர்கள் நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

எட்டாவது சுற்றில் எனக்குத் தோள் விட்டுப்போனது. வயிறு இளகவே இல்லை. பொக்கை நின்றுவிட்டது. தலையைத் திருப்பி என் கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. அப்படியே நின்றது.

"நீ எங்கயும் போக வேண்டாம்," என்று அதன் காதில் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரே ஒரு ஏப்பம் விடு தாயே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அது என் பைக்குள்ளேயே விட்டது. அப்படி ஒரு ஏப்பத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னலுக்கே கேட்டிருக்கும். கொழுந்தன் முட்டுக் கொடுத்த கையை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். நாத்தனார் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், எங்களையும் ஒவ்வொருவராகக் கேட்க வைத்தார். உள்ளே சமையலறைக் குழாய் போலக் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டை மூன்று தடவை துவைத்தேன், இன்றுவரை வாசனை போகவில்லை.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. கழுதைக்கும் கோழிகளுக்கும் வைத்துவிட்டு, விறகைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மூன்றரை மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரிடமும் நல்ல வாசனை இல்லாததால் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஓரமில்லாத கேக்கை வெட்டினோம். யார் யாருடைய வேலையைச் செய்தது என்று என் மகள் வழக்கப்படி கேட்டாள். எல்லாரும் அவசரமாகக் கேக்கை வாயில் திணித்துக்கொண்டோம்.

இருட்டுவதற்கு முன் நாத்தனார் கோட்டை மாட்டிக்கொண்டார். கொட்டகைக்குப் போய்ப் பொக்கையை இன்னொரு தடவை பார்த்தார். அது சால்வைமேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் எதுவும் குடுக்கக் கூடாது," என்று என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். பிறகு ட்ரெய்லர் பக்கத்தில் போய் நின்றார்.

"சரி. சொன்னபடி வந்துட்டேன். இப்ப நல்லாத்தான் இருக்கு, மெதுவா ஓட்டினா பயணம் தாங்கும். நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். வீட்டுக்காரர் தன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே பேசவில்லை. ஒரு நாளைக்கு நூறு ரயிலுக்கு வாய் திறக்கிறவள் நான். "இருக்கட்டும்" என்ற ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. ஆட்டின் காதில் சொல்லியாகிவிட்டது, ஆனால் இத்தனை மனிதர்களின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் அவர்களைப் பார்க்காமல், மைக் முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, தூரத்து மரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பொக்கையை ஏற்றிச் செல்லவிருந்த ட்ரெய்லர் இன்று ரத்து செய்யப்பட்டுள்ளது. நாளையும் ரத்து. இனி எப்போதும் ரத்து. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு…"

வருந்துகிறோம் என்பதைச் சொல்ல முடியவில்லை, குரல் உடைந்துவிட்டது. வேலையில் எனக்கு ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

நாத்தனார் தலையை ஆட்டினார். தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்து ஒரு பக்கம் தள்ளினார். ட்ரெய்லர் முழுக்கக் காய்ந்த புல் கட்டுகள், விளிம்பு வரை அடுக்கியிருந்தன. ஆடு என்ன, ஒரு பூனைகூட அதில் ஏற இடம் கிடையாது.

"பனிக்காலம் முடியற வரைக்கும் வரும்," என்றார். "தானியத்தைக் குறைச்சு இதைப் போடுங்க."

"அப்ப நீங்க இதைக் கூட்டிட்டுப் போக வரவே இல்லையா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல ஒரு மணி நேரம் அந்த ஆட்டைத் திட்டுற. ராத்திரி எத்தனை தடவை இருமிச்சு, எந்தக் காது சில்லுன்னு இருக்குன்னு எல்லாம் சொல்லித் திட்டுற. என் தம்பிக்கு ஒரு வாரமா முதுகு வலின்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் போய் முதல் புல் கட்டைப் பிடித்து இழுத்தேன்.